பதினெட்டாவது ஈரம்

என் தங்கை முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதித்தவள். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் எங்கள் கட்டடத்தின் எட்டு வீட்டாருக்கும் அவள் இன்னும் ‘செக்கிங்கம்மா’தான். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறாள். அவளுக்கு நேர் கீழே, முதல் மாடியில் நானும் என் மனைவியும்.

அவள் யாரையும் எளிதில் நம்பியதில்லை. “டிக்கெட் இல்லாதவன் மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியாதுண்ணே. எல்லாரும் யோக்கியன் மாதிரிதான் உக்காந்திருப்பாங்க. காலப் பாக்கணும். பஸ் நிக்கிறதுக்கு முன்னாடியே குதிகால் எழும்பிடும்” என்பாள். பால் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் தேதியைப் பார்ப்பாள். பிறகு அந்தத் தேதியை அழித்து எழுதியிருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். என் மனைவி தேநீர் கொடுத்தால், “என்ன அண்ணி, இன்னைக்குச் சர்க்கரை தூக்கலா இருக்கு? என்கிட்ட ஏதாவது காரியம் ஆகணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள்.

வேலையில் ஒரே ஒரு தடவை ஆளைத் தவறாகப் பிடித்திருக்கிறாள். சேர்ந்த பதினோராம் வருடம் அது. ஒரு கம்பவுண்டர் வேறு டிப்போவில் வாங்கிய பாஸைக் காட்டியிருக்கிறார். நிறம் வேறு, முத்திரை இருந்த இடமும் வேறு. போலி என்று சொல்லி அவரை நடுவழியில் மழையில் இறக்கிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அது சரியான பாஸ்தான் என்று தெரிந்தது. அந்த ஆளை அவள் மறுபடி பார்க்கவில்லை. இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். நானும் திரும்பக் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை காப்பகத்திலிருந்து நாய் ஒன்றைக் கூட்டி வந்தாள். பெண் நாய், பழுப்பு நிறம், இடது காது பாதிதான் இருந்தது. எடை பதினான்கு கிலோ இருநூறு கிராம்.

“உனக்கு எதுக்கும்மா இது?” என்றேன்.

“அங்க இருந்த நாயெல்லாம் மூஞ்சியப் பாத்து வாலாட்டுச்சு. இது மட்டும் மூலையில உக்காந்து என் காலையே பாத்துச்சுண்ணே” என்றாள்.

காப்பகத்துப் பெண் அவளிடம் சொல்லி அனுப்பியது இது. அந்த நாயை ஏற்கெனவே இரண்டு வீட்டார் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது முறையும் திரும்பி வந்தால் இனி எந்த வீட்டுக்கும் தர மாட்டார்கள். ஆயுள் முழுக்கக் கூண்டுதான். ஏன் திருப்பினார்கள் என்று கேட்டதற்கு, “ஒத்துவரல” என்று மட்டும் பதில் வந்தது.

“ஒத்துவரலைன்னா என்ன அர்த்தம்? எதையோ மறைக்கறா” என்று தங்கை அன்றே சொன்னாள்.

மறைத்தது என்ன என்று வெள்ளிக்கிழமை காலையே தெரிந்துவிட்டது. நாயைப் பூங்காவுக்குக் கூட்டிப் போய் முக்கால் மணி நேரம் நடத்தினாள். ஒரு சொட்டு விடவில்லை. கட்டடத்துக்குத் திரும்பி, படியேறி, முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்து வேலையை முடித்தது. மாலையிலும் அதே கதை. மூன்றாம் நாள் அவள் அதற்குப் பெயர் வைத்தாள். “எந்த ரூட்டுல போனாலும் டிப்போவுக்கு வந்துதான் இறக்குது” என்றாள். பெயர் டிப்போ என்றே நிலைத்தது.

ஆற்றங்கரை நிலையத்தில் நாளுக்கு மூன்று வேளை நீர்மட்டம் குறிப்பது முப்பத்தாறு வருடம் என் வேலையாக இருந்தது. அதனால் கணக்கு வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நோட்டில் கட்டம் போட்டேன். நாள், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், வெளியே போனதா, உள்ளே எங்கே, ஈரத்தின் அகலம் எத்தனை சாண். ‘உள்ளே எங்கே’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் ‘படித் திருப்பம்’ என்றே எழுத வேண்டியிருந்தது.

தங்கை முதலில் நாயைச் சந்தேகிக்கவில்லை. மனிதர்களைத்தான் சந்தேகித்தாள். ஒரு நாள் ஈரத்தின் மேல் செய்தித்தாள் துண்டை வைத்து எடுத்து முகர்ந்து பார்த்தாள். “யாரோ தண்ணிய ஊத்தி இதும்மேல பழி போடறாங்களோன்னு பாத்தேன்.” இல்லை என்று மூக்கே சொல்லிவிட்டது. பிறகு நாயைச் சந்தேகித்தாள்.

பூங்காவுக்கு ஒரு நாள் நானும் போனேன். டிப்போ புல்லின் ஓரத்தில் நின்றது. உள்ளே இழுத்தால் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது.

“நடிக்குதுண்ணே. எத்தன பேரப் பாத்திருக்கேன். பாக்கெட்டத் தட்டுவான், பையக் கவுப்பான், இப்பதான் வச்சேன்னு சொல்லுவான். இது அந்த ரகம்.”

“பாவம், வேற இடம், பயமா இருக்கும்.”

“பயமா? வீட்டுக்குள்ள ஏறினதும் பயம் போயிடுமாக்கும்! நீ எழுது. நாப்பது நிமிஷம் நாடகம்னு எழுது.”

நான் ‘வெளியே போகவில்லை’ என்று மட்டும் எழுதினேன்.

குளியலறையில் பழக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள். வந்த அன்றே அங்கே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியதால், டிப்போ அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஒன்பது நாளில் படித் திருப்பத்தில் பதினேழு தடவை ஆனது. பத்தாம் நாள் சனிக்கிழமை. படி கழுவும் தண்ணீர் போவதற்காகத் திருப்பத்தின் மூலையில் ஒரு துளை உண்டு. நாற்றம் அதன் வழியாகத்தான் கீழே இறங்குகிறது, கீழ்வீட்டார் அதை வைத்துப் புகார் சொல்லக்கூடும் என்று நினைத்து, தங்கை அந்தத் துளையைக் கந்தல் துணியால் அடைத்தாள். அன்று காலை டிப்போ திருப்பத்தில் நின்றது. மூலையை முகர்ந்தது. முனகியது. அப்புறம் கயிற்றை இழுத்துக்கொண்டு கீழே ஓடி, படி முடியும் இடத்தில், கண்ணாடிக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டது. ஈரம் மூன்றரைச் சாண்.

கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எங்கள் எட்டு வீட்டுச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். சாயங்காலம் மேலே வந்தார்.

“செக்கிங்கம்மா, நீங்க பூங்காவுக்கே போறதில்லன்னு எனக்குச் சந்தேகம். கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறீங்க.”

“நானா? முட்டி வலிக்க வலிக்க நடக்கறேன். அண்ணன் நோட்டுல இருக்கு, பாருங்க.”

“அண்ணன் நோட்டு அண்ணன் நோட்டுதானே. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அன்னைக்குக் காலைல நானே வந்து என் கண்ணால பாப்பேன். வெளிய போச்சுன்னா இருக்கட்டும். போகலைன்னா அன்னைக்கே காப்பகத்துல விட்டுடணும்.”

அவர் போன பிறகு தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். டிப்போ அவள் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. காலை அசைக்காமலே இருந்தாள். பிறகு நோட்டைக் கேட்டாள்.

“பதினேழும் திருப்பத்துலதானா?”

“ஆமா.”

“திருப்பத்துல எங்க? எந்த மூலை?”

சாணில் கால் பாகம் வரைக்கும் அளந்திருந்தேன். எந்த மூலை என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை.

“நான்தானே தொடச்சேன்” என்று மெதுவாகச் சொன்னாள். “ஒரு நாளும் தண்ணியத் தள்ளிவிட வேண்டியே இருந்ததில்ல. தானாத் துளைக்குள்ள போயிடும். இன்னைக்குத் துளைய அடைச்சேன், கீழ ஓடுச்சு. கண்ணாடிக்காரர் வாசல்லயும் ஒரு துளை இருக்குல்ல?”

“இருக்கு.”

“இது சும்மா இல்லண்ணே. இதுல என்னமோ இருக்கு.”

திருப்பத்துத் துளையை அவள் திறக்கவில்லை; டிப்போ அடக்க முடியாமல் அவள் வீட்டுத் தரையிலேயே போனது. திங்கட்கிழமை அவள் சொல்லாமல் கொள்ளாமல் காப்பகத்துக்குப் போனாள். நிறுத்தம் இல்லாத இடத்தில் கை காட்டி ஏறிச் சோதிப்பதுதான் அவள் பழைய வழக்கம். முன் வாசலில் மணி அடிக்காமல், பின்பக்கம் வண்டி நிற்கும் வழியாக உள்ளே நுழைந்தாள். டிப்போ மூன்று வருடம் இருந்த கூண்டைப் பார்த்தாள். ஐந்தடிக்கு நான்கடி. சுற்றிலும் கம்பி, கீழே சிமெண்டு. மூலையில் ஒரு துளை. கூண்டுக்கு வெளியே இருந்ததும் சிமெண்டு முற்றம்தான். புல் என்று ஒன்று எங்கும் இல்லை.

காப்பகத்துப் பெண் ஓடி வந்தாளாம். “என்னம்மா, திருப்பிக் கொடுக்க வந்தீங்களா?”

“இல்ல. இது கூண்டுல எங்க அசிங்கம் பண்ணும்?”

“அசிங்கமா? இருக்கறதுலயே சுத்தமான நாய் அது. துளையத் தாண்டி ஒரு விரக்கடை கூடப் போகாது.”

“இத முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேக்கலையே.”

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“அது கையில சரியான பாஸ் இருந்திருக்குண்ணே. பத்து நாளாக் காட்டிட்டே இருந்திருக்கு. எனக்குத்தான் பாக்கத் தெரியல.”

எங்கள் கட்டடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, முன்பு துணி துவைத்த சிமெண்டுத் தளம் ஒன்று இருக்கிறது. எல்லா வீட்டிலும் இயந்திரம் வந்த பிறகு அங்கே யாரும் போவதில்லை. அதன் மூலையில் ஒரு துளை. செவ்வாய் காலை ஆறு பத்துக்கு டிப்போவை அங்கே கூட்டிப் போனோம். துளையைச் சுற்றி இரண்டு தடவை வட்டமடித்தது. எங்கள் இருவரின் கால்களையும் பார்த்தது. பிறகு உட்கார்ந்தது. நேரம் ஆறு பதினாறு. ‘வெளியே போனதா’ என்ற கட்டத்தில் முதன்முதலாக ‘ஆம்’ என்று எழுதினேன். தங்கை பிஸ்கட் கொடுத்த கையை அதன் தலையிலிருந்து எடுக்காமல் இருந்தாள்.

புதனும் தவறாமல் நடந்தது. வியாழன் மாலை மழை. பின்பக்கம் போக அவள் கொஞ்சம் தாமதித்துவிட்டாள். துணி எடுத்திருந்த படித் திருப்பத்தில் பதினெட்டாவது ஈரம்.

“இத எழுதணுமாண்ணே?” என்றாள். “தப்பு என்னோடது. நாய் என்ன பண்ணும்? கண்ணாடிக்காரர் நோட்டக் கேப்பாரு. இந்த ஒரு வரியப் பிடிச்சுக்குவாரு.”

நான் எழுதினேன். வியாழன், மாலை ஐந்து நாற்பது, படித் திருப்பம், இரண்டு சாண். ‘மழை, கூட்டிப் போகத் தாமதம்’ என்று பக்கத்தில் சேர்த்தேன்.

“கூடப் பொறந்தவன்தானா நீ?” என்று கேட்டுவிட்டு மேலே போனவள், வெள்ளிக்கிழமை முழுவதும் என்னோடு பேசவில்லை. நாயைக் கூட்டிப் போகும் நேரத்தை என் மனைவியிடம் சொல்லியனுப்பினாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கண்ணாடிக்காரர் சவரம் செய்து, புது ஷூ போட்டு, பின்பக்கம் வந்து நின்றார்.

“முதல்ல கையக் காட்டுங்க, செக்கிங்கம்மா.”

“என்னது?”

“பை இருக்குல்ல? தொறங்க. பின்னாடி தண்ணிய ஊத்திட்டு நாய் போச்சுன்னு சொன்னா?”

முப்பத்தொரு வருடம் ஊரார் பையைக் கவிழ்த்துப் பார்த்தவள் அவள். ஆனால் தங்கை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சாவிக் கொத்து, துண்டு, நான்கு பிஸ்கட், ஒரு தண்ணீர் பாட்டில்.

“இதென்ன பாட்டில்?”

“அதுக்குக் குடிக்க.”

“நான் வச்சுக்கறேன்.” வாங்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அடுத்து என் நோட்டைக் கேட்டார். நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. தங்கை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வியாழக்கிழமை படியில போயிருக்கா? எனக்குத் தெரியவே தெரியாதே.”

“தொடச்சுட்டேன்” என்றாள்.

அவர் நோட்டைத் திருப்பித் தந்தார்.

டிப்போ துளை வரைக்கும் போனது. அந்தப் புது ஷூவைப் பார்த்தது. திரும்பி வந்துவிட்டது. மறுபடி போனது, மறுபடி வந்தது. பத்து நிமிடம் கழிந்தது.

“சார், புது ஆள் பாத்தா அது போகாது. கொஞ்சம் திரும்பி நில்லுங்க.”

“திரும்பிட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

“நானும் திரும்பிக்கறேன். அண்ணன் பாக்கட்டும்.” என் கையிலிருந்த நோட்டைக் காட்டினாள். “அவரு நோட்டுல இல்லாதத எழுத மாட்டாரு, இருக்கறத விடவும் மாட்டாரு. அது எனக்கு நல்லாத் தெரியும்.”

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். வியாழக்கிழமை வரியை நினைத்திருக்க வேண்டும். “சரி” என்று திரும்பிக்கொண்டார். தங்கையும் திரும்பினாள். இருவரும் சுவரைப் பார்த்தபடி, தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அருகருகே நின்றார்கள்.

டிப்போ போய் இரண்டு வட்டம் அடித்து உட்கார்ந்தது. ஆறு இருபத்து மூன்று.

“போயிடுச்சு” என்றேன்.

கண்ணாடிக்காரர் வந்து குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“சூடு இருக்கான்னு வேணா தொட்டுப் பாருங்க சார்” என்றாள் தங்கை.

“வேணாம்மா, தெரியுது.” பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். “இருக்கட்டும். படிய மட்டும் பாத்துக்குங்க.” நான் நீட்டிய நோட்டில், ‘நேரில் வந்திருந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘நேரில் பார்த்தேன்’ என்று அவர் எழுதவில்லை. நானும் அப்படி எழுதச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு தங்கை டிப்போவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு என் பக்கம் நெருங்கி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“நெஜமாப் போச்சாண்ணே? இல்ல, எனக்காகச் சொன்னியா?”

நோட்டைத் திறந்து வரியைக் காட்டினேன். படித்தாள். பிறகு, சாவிக் கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்தத் துளையைத் தானே போய்ப் பார்த்தாள்.