வெள்ளை நூல் கட்டிய அகப்பை

அந்த அகப்பையின் காம்பில் வெள்ளை நூல் சுற்றியிருக்கும். சிரட்டையில் செய்த சாதாரண அகப்பைதான். ஆனால் குசினிச் சுவரில் மற்றவற்றோடு சேராமல் தனி ஆணியில் தொங்கும். மீன் குழம்பில் போன அகப்பை எங்கள் பருப்புச் சட்டியில் தவறியும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, விடுதியில் சமைத்த குசினி அக்கா வைத்த அடையாளம் அது. எஹலியகொடவுக்கு மேலே, ரப்பர் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய விடுதிக் கல்லூரியில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றேன். அந்தக் கல்லூரிதான் கட்டடம் கட்டடமாக வளர்ந்து இன்று கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அதன் வரலாற்று மலர் போன மாதம் தபாலில் வந்தது. நல்ல கனமான புத்தகம். முதல் அதிபர் உட்கார்ந்த நாற்காலிக்குக்கூட ஒரு முழுப்பக்கப் படம் போட்டிருக்கிறார்கள். அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. படித்து முடித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்லூரியின் முதல் தொகுதி மாணவியரில், தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து போன சைவ சமயப் பிள்ளைகள் நாங்கள் ஆறு பேர். மற்ற நாட்களில் மீனும் கருவாடும் சாப்பிடுகிறவர்கள்தான். வெள்ளிக்கிழமை மட்டும் தொடமாட்டோம். கத்தோலிக்கருக்கும் வெள்ளிக்கிழமை விரத நாள்தான். அன்றைக்கு அவர்களுக்கு இறைச்சி கிடையாது, அதனால் கட்டாயம் மீன். விடுதிப் பொறுப்பான சிஸ்டர் கடற்கரைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு மீன் என்பது கத்தரிக்காய் மாதிரி. "உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நாள்ல விரதம். நேத்து சாப்பிட்ட மீன் இன்னைக்கு மட்டும் எப்படிக் கூடாமப் போச்சு?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். எங்களுக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. தேங்காய்ச் சம்பலிலும் மாசிக் கருவாடு கலந்திருக்கும். முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் வெறும் சோற்றில் உப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்தோம்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை குசினி அக்கா கூப்பிட்டார். அவரும் ஒரு தோட்டத்துப் பெண், வேதக்காரர், கழுத்தில் சிலுவையும் செபமாலையும் எப்போதும் கிடக்கும். அப்போது முப்பது வயதுகூட இருக்காது. "புதுச் சட்டி, புது ஆப்பை. மீன் வாட படவே இல்ல. நான் குளிச்சிட்டுத்தான் ஆக்கினேன், சாப்பிடுங்க" என்றார். அவர் குளித்தாரா என்று நாங்கள் கேட்கவே இல்லை. நாங்கள் மனதில் தயங்கக்கூடும் என்று அவரே நினைத்துச் சொன்னது அது. அன்றிலிருந்து பல மாதங்கள் பெரிய அடுப்புக்குப் பின்னால், சாம்பல் அள்ளும் மூலையில், மூன்று கல்லை வைத்து எங்களுக்குத் தனியாகப் பருப்பும் பூசணிக்காயும் ஆக்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை சிஸ்டர் குசினிக்குள் வந்து அந்த மூன்று கல்லைப் பார்த்துவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் பிள்ளைகள் பிரிந்துபோவார்கள் என்றார். அக்கா மெதுவாகத்தான் பதில் சொன்னார்: "பட்டினி கெடந்தா மட்டும் ஒண்ணா இருப்பாங்களா சிஸ்டர்?" அடுத்த திங்கட்கிழமை அக்கா வேலை போய், பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றார். நாங்கள் ஆறு பேரும் வகுப்பு ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்காகத்தான் செய்தார் என்று ஒருத்தியாவது போய்ச் சொல்லியிருக்கலாம். கிடைத்த இடம் பறிபோய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

மலரின் பன்னிரண்டாம் பக்கத்தில், "ஆரம்ப நாள் தொட்டே சைவ மாணவியருக்குத் தனிச் சமையல் செய்து சமய நல்லிணக்கம் பேணப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். யார் பேணியது? மலருக்கென்று அவர்கள் கேட்டு நான் எழுதி அனுப்பிய கட்டுரையில் அக்காவின் கதை முழுதாக இருந்தது. தொகுத்த விரிவுரையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். "டீச்சர், நிறுவனத்தின் வளர்ச்சியைப் பத்தித்தானே கேட்டோம். குசினி விஷயமெல்லாம் வரலாற்றுல வராதே" என்றார், மிகவும் மரியாதையாக. சமைத்தவளைத் துரத்திவிட்டு, சமைத்த பெருமையை மட்டும் கட்டடத்துக்கு எழுதிக்கொள்வது எந்த ஊர் வரலாறு என்று கேட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நேரிலேயே போனேன். புது கென்டீனில் மூன்று மொழியிலும் 'சைவ உணவு' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பரிமாறுகிறவர் மீன் குழம்பில் போட்ட கரண்டியை அப்படியே பருப்புக்குள் விட்டார். நெற்றியில் திருநீறோடு வரிசையில் நின்ற ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, விலகிப்போய் ஒரு பணிஸ் ரொட்டியும் பாலில்லாத பிளேன்டீயும் வாங்கிக்கொண்டாள். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். பலாங்கொடைப் பக்கம் என்றாள். கரண்டியைப் பற்றிக் கேட்டதற்கு, "பழகிருச்சுங்க டீச்சர்" என்றாள்.

அங்கிருந்து நேரே அக்காவைப் பார்க்கப் போனேன். கரவனெல்லவுக்கு அருகில் மகள் வீட்டில் இருக்கிறார். பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். "அப்ப நான் எரிச்ச அடுப்பு யாரு வீட்டு அடுப்பு?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், எனக்குத்தான் தாங்கவில்லை. பிறகு, "இப்பவாச்சும் வெள்ளிக்கெழம பிள்ளைங்க வயிறாரச் சாப்பிடுதுங்களா?" என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வராமல் அந்தக் கரண்டியையும் பணிசையும் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய் அந்த அகப்பையை எடுத்துவந்தார். வெளியேற்றிய நாளில் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். காம்பிலிருந்த நூல் புகையேறிக் கறுத்திருந்தது. அதைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மகளின் தையல் பெட்டியிலிருந்து புது வெள்ளை நூல் எடுத்துச் சுற்றினார்.

"பொஸ்தகத்துல என் பேரப் போடச் சொல்லி நிக்காத புள்ள. இத அந்த கென்டீன்காரன் கையில குடு."

அகப்பை இப்போது என் கைப்பையில் இருக்கிறது. காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை, காலை முதல் பஸ்ஸிலேயே போகிறேன். கென்டீனுக்கும் போவேன், துணைவேந்தரின் அறைக்கும் போவேன். இந்த முறை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன்.