தும்பிக்கையும் முட்டை நண்டும்

கலியாணமான புதிதில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆளுயரத்தையும் தாண்டிய ஒரு பிளாஸ்டிக் குழாய் சாய்ந்து நின்றது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மற்ற வீடுகளுக்கு மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்க, எங்கள் வீட்டுக்கு வந்தவர் காற்றுச் சிலிண்டரோடு இறங்கினார். அவர் சிங்கி இறால் பிடிக்கிற சுழியோடி. குழாயும் அவருடையதுதான் என்று நினைத்து உம்மா பல நாள் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. குழாய் என்னுடையது.

கடலடி மண்ணுக்குள் வாழும் புழு, சிப்பி, சின்ன நண்டுகள் பற்றியதுதான் என் முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு. அவற்றைப் பிடிக்க வலை உதவாது, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். சுழியோடி அடியில் போய், சுளகளவு இரும்பு வளையம் ஒன்றை மண்ணில் பதிப்பார். குழாயின் கீழ்வாயில் சிலிண்டர் காற்றைத் திறந்துவிட்டால் அது குபுகுபுவென்று மேலே ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் மண்ணையும் உயிர்களையும் இழுத்துப்போய், மேல்முனையில் கட்டியிருக்கும் பைக்குள் கொட்டும். வளையத்துக்குள் ஒரு சாண் ஆழம்வரை இருப்பதெல்லாம் பைக்குள் வரவேண்டும். அவர் அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்தார்.

எனக்கு நீந்தத் தெரியாது. கடலைப் படிக்கிறவளுக்கு நீச்சல் தெரியாது என்று கல்முனை முழுக்கச் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான். போட்டில் குந்தியிருந்து குமிழிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. குமிழி கொஞ்சம் பிந்தினாலும் நான் ஓதிக்கொண்டிருக்கிற குர்ஆன் ஸூறா பாதியில் குழம்பிவிடும். அவர் மேலே வந்து, முகமூடியைக் கழற்றி, மூக்கைச் சிந்திவிட்டு, அழுதாயா என்று கேட்பார். அந்தக் கோலத்திலும் எனக்கு அந்த மனிசனைப் பிடிக்கும்.

பைகளெல்லாம் எடுத்து முடிந்து, உருப்பெருக்கியில் எண்ணத் தொடங்கினேன். நண்டுகள் நிறைய இருந்தன. ஆனால் முட்டை சுமந்த நண்டு ஒன்றுகூட இல்லை. நாங்கள் பை எடுத்த அதே நாட்களில் கரைவலையில் முட்டை நண்டு வராத நாளே கிடையாது. அப்படியென்றால் பெண் நண்டுகள் முட்டை சுமக்கத் தொடங்கியதும் இந்த இடத்தை விட்டுப் போய்விடுகின்றன! இதுவரை யாரும் கண்டிராத விஷயம். என் ஆய்வு மேற்பார்வையாளர் சேர் அதைத் தனி அத்தியாயமாகவே எழுதச் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று பகல் சாப்பாட்டில் அவருக்கு இதை ஆற அமர விளக்கினேன். அவர் பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

“அதுகள் எங்கயும் போகல்ல புள்ள. உறிஞ்ச முந்தி மண்ணக் கிளறி நான்தான் பொறுக்கி அங்கால விட்டன்.”

எல்லாப் பைக்குமா என்று கேட்டேன். எல்லாத்துக்கும்தான் என்றார். முட்டையோடு சிங்கி இறால் அகப்பட்டால் திருப்பி விட்டுவிடுகிற ஆள், அது தெரிந்துதான் கலியாணம் முடித்தேன். தும்பிக்கைக்கும் அதே சட்டம் என்று நினைத்திருக்கிறார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால், நல்ல காரியத்தை வெளியில் சொல்லிக் காட்டக்கூடாதாம்.

ஏசினேன். நான் ஏசத் தொடங்கினால் முற்றத்துக் கோழியும் கூட்டுக்குள் போய்விடும். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“நான் வாயத் திறக்கமாட்டன். நீ எழுதினபடியே குடு.”

ஏச்சு அதோடு நின்றது. விளையாட்டுக்கும் பொய் சொல்லாத மனிசன் எனக்காக ஒரு பொய்யை ஆயுளுக்கும் சுமக்கத் தயாராக இருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் கைகழுவ எழும்பிய நேரத்திலேயே சேருக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சேர், அந்த அத்தியாயம் வேண்டாம், எல்லாப் பையும் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். மாரி பிறந்து கடல் கலங்க மூன்று கிழமைகூட இல்லை. தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும், அதுவரை என் பதவியைப் பிடித்துவைத்திருக்கப் போவதில்லை என்று, படிக்க லீவு தந்திருந்த என் அலுவலகத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

அடுத்த நாளே கடலுக்குப் போனோம். வளையத்துக்குள் எது இருந்தாலும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஓம் என்றார்.

முதல் பை மேலே வந்தது. அரிதட்டில் கொட்டிக் கடல்நீர் ஊற்றிக் கழுவினேன். சிப்பித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு நண்டு, பெருவிரல் நகமளவு. வயிற்றுக்கடியில் செம்மஞ்சளாக முட்டை. உயிரோடு கிடந்து காலை அசைத்தது. அவர் தண்ணீரில் நின்றபடி போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். பிடித்த உயிர்களைக் கெடாமல் வைக்க ஃபோர்மலின் ஊற்றவேண்டும், ஊற்றினால் அவை செத்துவிடும். எல்லாவற்றையும் போத்தலில் போட்டுவிட்டேன். நூறு தடவை செய்த வேலைதான். ஆனால் ஊற்றுகிற கலனின் வாய் போத்தலில் டக் டக்கென்று இடித்தது.

அவர் போட்டில் ஏறி என் முன்னால் குந்தினார். போத்தலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

“பிஸ்மி செல்லிட்டு ஊத்து புள்ள. நான் புடிச்சிக்கிறன்.”

ஊற்றினேன். மூடியை அவர்தான் இறுக்கினார். பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு அடுத்த வளையத்துக்கு இறங்கினார்.