டபுள் பிரேக் வைத்த டாங்கி

டிரைவிங் ஸ்கூல் மேடம் பேச்சை நிறுத்திவிட்டார், வீட்டுக்குள் யுத்த டாங்கி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார், கட்டின புருஷனைத் தினமும் முதுகில் உதைக்கிறார் என்று ஒரே வாரத்தில் மூன்று செய்திகள் தெருவில் கிளம்பின. சாதாரணமாக இந்த மாதிரி மூன்று வந்தால் ஒன்றாவது பொய்யாக இருந்து தெருவின் மானத்தைக் காப்பாற்றும். போய் விசாரித்ததில் மூன்றும் உண்மை. டாங்கியின் அளவில் மட்டும் தெரு கொஞ்சம் தாராளம் காட்டியிருந்தது. செய்தி முடிதிருத்தும் கடைக்கு வந்து சேர்ந்தபோது டாங்கி சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றுகொண்டிருந்தது. நிஜத்தில் வாலோடு சேர்த்து அளந்தாலும் அது ஒரு சாணுக்குக் குறைவு.

விசாரணைக்குப் போன நேரத்தில் மேடம் சாப்பாட்டு மேஜையில் குனிந்து டாங்கியின் சங்கிலிப் பட்டையைக் கோத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கண்ணியும் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் ஒன்று இடுக்கியிலிருந்து வழுக்கி ஜன்னல் பக்கம் பறந்தது. வேறு யாராக இருந்தாலும் கையை நீட்டியிருப்பார்கள். மேடம் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். கண்ணி நிற்கவில்லை. கால் தன் கடமையைச் செய்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் காலைப் பற்றிச் சொல்லாமல் மேடத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவருக்கு இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் மேடத்தின் கால் குடியேறிப் பல வருடம் ஆகிறது. அதனால் அவருக்கு டபுள் பிரேக் என்றே பெயர். காலுக்கு விடுமுறை கிடையாது. சினிமாவில் கார் வேகமாகப் போனால் மிதிக்கும். கணவர் விளிம்பு வரை காப்பி ஊற்றினால் மிதிக்கும். மைத்துனர் வேலையை விட்ட கதையை முதலிலிருந்து ஆரம்பித்தால், பாவம், தேயத் தேய மிதிக்கும்.

காலுக்குச் சளைத்ததில்லை குரல். அதற்கும் கியர் உண்டு. முதல் கியரில் "சார், க்ளட்ச்." இரண்டாவதில் "சார், க்ளட்ச்சுன்னு சொன்னேன்." மூன்றாவதில் "யோவ் சார்." நான்காவதில் 'சார்' கழன்று விழுந்துவிடும். டாப் கியரைக் கேட்டவர்கள் எல்லோரும் இன்றைக்கு நல்ல டிரைவர்கள். என்ன கேட்டார்கள் என்று மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

இப்படிப்பட்ட குரல் போனது, அவரிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்த பொம்மைக் கடைக்காரரால். அவர் தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை: வலது என்றால் இடது பக்கம் திருப்புவார், இடது என்றால் வலது. மற்றபடி கியர், க்ளட்ச், கண்ணாடி எல்லாம் சுத்தம். ஒரு நாள் மேடம் வலது என்றார். அவர் முழு நம்பிக்கையோடு இடது பக்கம், ஒருவழிப் பாதையின் தப்பான வாயில் நுழைந்தார். எதிரே பஸ். மேடத்தின் கால் மிதித்தது. பஸ்ஸின் மூக்குக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் மிச்சம். பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. டபுள் பிரேக்கின் திட்டைக் கேட்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது என்பதால் என்ஜினையே அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பொம்மைக்காரர் கண்ணை மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டார். மேடம் வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார். மறுபடியும் காற்றுதான்.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் விழுகிற மாதிரி குரலில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். தான் சொல்லும்வரை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசம். குரல் திரும்பி வரும், ஆனால் சின்னதாக வரும். அதையும் போட்டுக் கத்தினால் ஒரேயடியாகப் போய்விடும்.

மேடம் அதைத் தாங்கிக்கொண்டார். ஸ்கூல் முதலாளியால்தான் முடியவில்லை. "அக்கா, சத்தம் போடாம நம்ம தொழில் ஆகுமா? நீங்க இனிமே ஆபீஸ்ல உக்காருங்க. ஃபேன் இருக்கு," என்றார். மேடத்தின் இடத்தில், காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையாட்டும் ஒரு புதுப் பையன் உட்கார்ந்தான். மேடம் ஆபீசில் அரை நாள் இருந்து பார்த்தார். அது சக்கரம் வைத்த நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை வேகமாகத் திருப்ப, இவர் பிரேக்கை மிதிக்க, நாற்காலி பின்னால் ஓடி அலமாரியில் இடித்தது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பேசுவதற்கென்று வாங்கிய சிலேட்டில் அன்று எழுதிய முதல் வாக்கியம்: "என் சீட்டு எனக்கு வேணும்." அடிக்கோடு போடும்போது சாக்பீஸ் உடைந்தது. எழுத்திலும் அவருக்கு டாப் கியர் உண்டு.

அன்று மாலையே பொம்மைக்காரர் ஒரு பெட்டியோடு வந்து நின்றார். தன்னால்தான் குரல் போனது என்ற வேதனை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வேதனை, வாங்கவேண்டிய திட்டு வாங்கப்படாமல் கிடக்கிறது என்பது. "அன்னைக்கு ஒண்ணு வரவேண்டியது வரல மேடம். பாக்கி நெஞ்சுல கல்லு மாதிரி உக்காந்திருக்கு. அதுவரைக்கும் இதை வெச்சுக்குங்க. வாயை மூடிக்கிட்டுச் செய்ற வேலை," என்றார். பெட்டிக்குள் முதல் உலகப் போர்க் காலத்துப் பிரெஞ்சு டாங்கி ஒன்று, துண்டு துண்டாக. கடையில் வரும் பையன்களுக்குப் பெரிய பெரிய டாங்கிதான் வேண்டும். குண்டானைக் கவிழ்த்து வைத்த தள்ளுவண்டி மாதிரி இருக்கும் இதை யாரும் சீண்டவில்லை. பின்னால் ஒரு வால் வேறு, பள்ளத்தைத் தாண்டி ஏறும்போது மல்லாந்துவிடாமல் இருக்க.

மேடத்தின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வீட்டில் பேச்சுக்கு இடம் காலி இல்லாததால் பேசாமலே பழகியவர். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த வரலாற்றைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்து விளக்கினார். கல்யாணம் ஆன நாளாக ஒரு பத்தியை ஆரம்பித்து முடித்தது அன்றுதான். டாங்கிக்குள் இரண்டே பேர். முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவனுக்குக் கண் அளவுக்கு ஒரு கீறல்தான் ஜன்னல். பின்னால் சுழலும் கூண்டில் நிற்பவனிடம்தான் துப்பாக்கியும் பார்வையும். என்ஜின் சத்தத்தில் காதில் எதுவும் விழாது. அதனால் பின்னால் நிற்பவன் காலால் சொல்வானாம். முதுகில் உதைத்தால் போ. வலது தோளில் உதைத்தால் வலது. இடது தோளில் இடது. தலையில் வைத்தால் நில்.

மேடம் அரத்தைக் கீழே வைத்துவிட்டு சிலேட்டை எடுத்தார். "மறுபடி படிங்க." அவர் படித்தார். சிலேட்டு மறுபடி கேட்டது: "கத்தாமயேவா?"

"கத்தினாலும் கேக்காதாம்," என்றார் கணவர்.

 மேடம் பெட்டியிலிருந்த எல்லாத் துண்டையும் கொட்டி எதையோ தேடினார். கிடைக்கவில்லை என்றதும் சிலேட்டில் கேட்டார்: "பின்னாடி நிக்கிறவனுக்கு பிரேக் எங்க?"

"அவனுக்கு பிரேக் கிடையாதும்மா. உதைக்கிறது மட்டும்தான்."

போரில் அத்தனை பேர் செத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்ட முகத்தோடு மேடம் எழுந்து தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவினார். வெட்டி, வளைத்து, ராவி, கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு பிரேக் செய்து, கூண்டுக்குக் கீழே, பின்னால் நிற்பவனின் காலடியில் ஒட்டினார். பார்க்க வந்த பொம்மைக்காரர் தொழில் தர்மம் கருதி, ஒரிஜினலில் இல்லாததை வைக்கக் கூடாது, விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்று மெதுவாக இழுத்தார். சிலேட்டு நீண்டது: "ஒரிஜினலே தப்பு." அதன்மேல் கூண்டை மாட்டிவிட்டால் அந்த பிரேக் யார் கண்ணிலும் படாது என்பது மேடத்துக்கும் தெரியும். வண்டியில் இருக்கும் பிரேக்கை மட்டும் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

வர்ணம் பூசும் வேலையில் அவருடைய குணம் முழுசாக வெளியே வந்தது. பச்சை, பழுப்பு, மண் நிறம் என்று வளைந்து வளைந்து போகும் பட்டைகள், நடுவே கறுப்புக் கோடு. ஒரு நிறம் அடுத்த நிறத்தின் பாதைக்குள் மயிரிழை நுழைந்தாலும் முழுப் பட்டையையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து. கூண்டின் பக்கத்தில் ஒட்டச் சொல்லி சீட்டுக்கட்டு ஸ்பேடு படம் ஒன்று பெட்டியில் இருந்தது. சீட்டாடுகிறவனிடம் வண்டியைக் கொடுப்பதில்லை என்பது மேடத்தின் கொள்கை. ஸ்பேடைக் குப்பையில் போட்டுவிட்டு, ஒற்றை மயிர்த் தூரிகையால் சிவப்பில் ஓர் L போட்டார்.

உதைக்கு வருவோம். அந்த யோசனை கணவருடையதுதான். அவர் தரையில் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து உட்கார, பின்னால் சோபாவில் உட்கார்ந்து, காலுறை போட்ட காலால் மேடம் உதைப்பார். வலது தோள், தட்டு வலது பக்கம் திரும்பும். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் பார்த்தது இதைத்தான். கணவர் உதையை வாங்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்ததையும் அந்த அம்மாள் சேர்த்துச் சொல்லியிருந்தால் செய்திக்கு இன்னும் மவுசு கூடியிருக்கும்.

ஒரு நாள் பொம்மைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்து டாங்கியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து அவருடைய வலது தோளைத் தட்டினார். அவர் வலது பக்கம் திரும்பினார். இடது தோள், இடது பக்கம். மாற்றி மாற்றித் தட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. 

"கடையில எதிர்ல நிக்கிறவங்க வலது பக்கத்துப் பொம்மைம்பாங்க. அது எனக்கு இடது. காலம்பூரா அப்படியே மாத்தி மாத்தி எடுத்துக் குடுத்தே பழகிடுச்சு போல," என்றார் பொம்மைக்காரர் தயக்கத்தோடு. "காதுல விழுந்தாத்தான் மாறுது. தோளுல பட்டா மாற மாட்டேங்குது."

மேடம் அடுத்த நாளே சிலேட்டோடு முதலாளி முன்னால் நின்றார். அதில் எழுதியிருந்தது: எல்லோரும் கைவிட்ட ஒரு கேஸ், பொம்மைக்காரர். கிடங்குக்குப் பின்னாலிருக்கும் மைதானம். கம்புகளுக்கு நடுவே ஒரு சுற்று. ஓட்டிவிட்டால் என் சீட்டு எனக்கு.

முதலாளி ஒப்புக்கொண்டார். மைதானத்தில் ஒரு சிக்கல் முளைத்தது. முன்சீட்டில் உட்கார்ந்தால் ஓட்டுபவரின் ஒரு தோள்தான் கைக்கு எட்டும். இரண்டு தோளும் எட்ட வேண்டுமானால் பின்சீட்டு. முன்னால் புதுப் பையன் பிரேக்கில் கால் வைத்து உட்காரட்டும் என்றார் முதலாளி. "இவன் பயந்து மிதிப்பான்," என்று எழுதினார் மேடம். பையன் மறுக்கவில்லை. மேடம் முன்சீட்டின் கதவைத் திறந்து, கீழே தேய்ந்து பளபளக்கும் அந்த பிரேக்கைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினார்.

"அக்கா, பின்னாடி உங்களுக்கு பிரேக் இல்ல," என்றார் முதலாளி, ஏதோ மறந்துவிட்டார் என்பதுபோல.

சிலேட்டு ஜன்னலில் தெரிந்தது. "தெரியும்."

முதுகின் நடுவில் ஒரு தட்டு, வண்டி கிளம்பியது. முதல் கம்பு, வலது தோள். அடுத்தது, இடது தோள். நாலாவது கம்பில் பொம்மைக்காரர் திருப்பக் கொஞ்சம் தாமதித்தார். பின்சீட்டில் மேடத்தின் கால் மிதித்த மிதியில் ரப்பர் விரிப்பு சுருண்டு முன்சீட்டுக்கு அடியில் போய்விட்டது. ஆனால் கை பதறவில்லை. தோளில் பூ வைத்ததுபோல இன்னொரு தட்டு. கம்பு லேசாகச் சாய்ந்து, நினைத்துப் பார்த்து, நிமிர்ந்தது. கடைசியில் தலையில் உள்ளங்கை. வண்டி நின்றது. பொம்மைக்காரர் ஸ்டியரிங்கை விடாமல் அழுதார்.

முதலாளி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஒரு கம்பு சாஞ்சுதே?"

"என்கிட்ட இவர் ஓட்டினப்ப ஒரு கம்புகூட நிக்கல சார்," என்றான் புதுப் பையன். நல்ல பையன்தான்.

இப்போது ஸ்கூலில் மற்றவர்களால் ஆகாத கேஸெல்லாம் மேடத்தின் வண்டிக்கு வருகிறது. மேடத்தின் சீட்டு மேடத்துக்கே, ஒரு வரிசை பின்னால் தள்ளி. டாங்கி டாஷ்போர்டில் ஒட்டப்பட்டு, தன் துப்பாக்கி வண்டி ஓட்டுபவரின் மூக்கைப் பார்த்தபடி வந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஒரு பிரேக் இருப்பது அதை வைத்தவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும்தான் தெரியும். பின்சீட்டில் கால் மட்டும் விரிப்பைச் சுருட்டிக்கொண்டே இருக்கிறது. இதுவரை இரண்டு விரிப்பு மாற்றியாகிவிட்டது.

போன வாரம் டாக்டர் பேசலாம் என்றார். வானொலியின் திருகைக் குறைத்து வைத்ததுபோல ஒரு குரல் வந்தது. "ஏங்க, டம்ளரை ஓரத்துல வைக்காதீங்க," என்பதுதான் அதன் முதல் உபயோகம். பத்திகளை முடித்துப் பழகிவிட்ட கணவர் டம்ளரை நடுவே தள்ளிவிட்டு, நடுவே நிறுத்தியிருந்த தன் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் காலை பொம்மைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் மேடத்தைப் பார்த்தார்.

"குரல் வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன் மேடம். அந்த ஒருவழிப் பாதைத் திட்டு இன்னும் பாக்கி நிக்குது. சின்னக் குரல்ல குடுத்தாலும் போதும். வாங்கிக்கிட்டா நிம்மதியா ஓட்டுவேன்." சொல்லிவிட்டு, அன்றுபோலவே கண்ணை மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

மேடம் வாயைத் திறந்தார். அன்று வராதது மொத்தமும் வரிசை கலையாமல் தொண்டையில் வந்து நின்றது. மூச்சை இழுத்தார். பிறகு மூடிக்கொண்டார். பெல்ட்டை மாட்டினார். குனிந்து செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டி, பொம்மைக்காரரின் முதுகில், நடுவில், ஒரு தட்டுத் தட்டினார்.