முந்தானை நூல் கட்டிய இரண்டு காய்கள்

தெரியாது சார், எத்தனை முறை கேட்டாலும் தெரியாதுதான். சிவப்பு நூல் கட்டிய காய்க்கு எந்தக் காட்டுப் பருத்தி தகப்பன், நீல நூலுக்கு எது என்று தெரிந்தவர் சவரியம்மா அக்கா ஒருவர்தான். அவரை அவர் ஊரான ஆவூரில் அடக்கம் செய்துவிட்டார்கள். அவரோடு இந்தப் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த எல்லோர் சார்பிலும் சேர்த்தே சொல்கிறேன்.

கீரமங்கலம் பஸ் கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார்: "ஒங்க பண்ணைச் சவரியம்மா போயிருச்சுங்க. மூணு நாள் காய்ச்சல்." ஈஸ்டருக்கு ஊருக்குப் போனவர். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

காட்டுச் செடி பூச்சிக்கும் வறட்சிக்கும் அசையாது, பஞ்சுதான் கிடையாது. அதைப் பஞ்சு தரும் நம் கம்போடியாப் பருத்தியோடு சேர்க்க, நாளை மலரும் மொட்டை இன்று சாயங்காலமே பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். காலையில் காட்டுப் பூவை அதில் தடவ வேண்டும். அப்படியும் பிஞ்சு பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அக்கா கைபட்டதில்தான் சிலது நிற்கும். நான் கிள்ளினால் காயாக வேண்டிய சூலும் சேர்ந்து வரும். "பூவக் கிள்ளச் சொன்னா தேங்கா உரிக்கிறீங்களே தம்பி! காலேஜ விட்டு ஓடியாந்தீங்களா, தொரத்திவிட்டாங்களா?" என்பார்.

சீட்டில் தாய், தகப்பன், தேதி எழுதிக் கட்டுவது என் வேலை. இந்த இரண்டு பூக்களையும் சேர்த்த அன்று சீட்டுகளை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, புதுக்கோட்டைக்குப் படம் பார்க்கப் போய்விட்டேன். பூ காத்திருக்குமா? அக்கா அடையாளத்துக்கு முந்தானையிலிருந்து சிவப்பும் நீலமுமாய் நூல் உருவிக் கட்டியிருந்தார். "கேட்டு எழுதிக்கங்க" என்றார். நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்குத்தான்.

"எழுதாட்டி என்ன, நான் இங்கிட்டுத்தான இருக்கேன்?"

இப்படி ஒருவர் சொல்லலாமா? என் பிடரியில் ஒன்று போட்டு எழுத வைத்திருக்க வேண்டாமா? நீங்கள் விசாரித்தபோது, "தம்பி எழுதிட்டாருங்க" என்று பொய் வேறு. பிறகு என்னிடம், "இந்தப் பொய்ய ஊருக்குப் போயி சாமியார்ட்டச் சொல்லி, பாவமன்னிப்பு வாங்கி எறக்கிருவேன். நீங்க எழுதுற வழியப் பாருங்க" என்றார். அவர் இறக்கிவிட்டார். என்னுடையது அப்படியே கிடக்கிறது.

இப்போது நிற்பவை அந்த இரண்டு காய்கள்தான். தகப்பன் தெரியாத காய் ஆராய்ச்சிக்கு உதவாது என்கிறீர்கள், சரி. எழுதவில்லை என்பதை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் காய்களைப் பறித்தெறிய விடமாட்டேன். விதையைத் தனித்தனியாக ஊன்றுவேன், நூலையும் வைத்துக்கொள்வேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

மணி நாலாகிவிட்டது. நாளைய மொட்டுகள் நிற்கின்றன, கிள்ள அவர் இல்லை. நான் போக வேண்டும்.