ஒன்றரை மணி நேரப் பௌர்ணமி

“கோடிங் கத்துக்கறத விட்டு நாலு வருஷம் ஆயிடுச்சு இல்ல, இனிமே எங்க வரப்போவுது உனக்கு அதெல்லாம்? காலேஜ் முடிச்ச சூட்டோட பண்ணியிருக்கணும்,” என்றார் ஓனரம்மா. திட்டிச் சொல்லவில்லை. மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டே, இன்றைக்கு மழை வராது என்பதுபோலச் சொன்னார். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது அவருடைய விடுதி. நான் அங்கே ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். விடுதிக்கு வெப்சைட் செய்யச் சென்னையில் யாரிடமோ கொடுக்கப்போவதாக அவர் சொன்னபோது, “நானே செய்றேம்மா” என்று வாயைவிட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில். கெஞ்சாமல், ஆனால் விடாமல் பேசி, அடுத்த பௌர்ணமி வரைக்கும் தவணை வாங்கினேன்.

“அதுக்குள்ள ஆவலைன்னா சென்னைக்காரங்களுக்கு ஃபோன் போட்டுடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. கல்லூரி முடிந்ததும் டவுனில் ஒரு சென்டரில் வெப் கோடிங் சேர்ந்தேன். பாதியில் அப்பா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் நேரம் வேறு. வகுப்பை விட்டேன். அப்புறம் இந்த வேலை கிடைத்தது. திரும்பிப் போகலாம், போகலாம் என்று நாள் ஓடியது.

மதியத்தில் அறையைக் காலி செய்பவர்கள் போய், புதிதாக வருபவர்கள் வந்து சேரும் வரை ரிசப்ஷன் சும்மாதான் இருக்கும். அப்போது லேப்டாப்பைத் திறந்தேன். முதல் நாள் ஒரு பக்கத்தை எந்த வரியில் தொடங்குவது என்பதே நினைவில்லை. ஆனால் விரல்கள் மட்டும், கோடில் அடிக்கடி வரும் கோண அடைப்புக்குறி இருக்கும் இடத்துக்குத் தாமாகப் போயின. அந்த ஒரு கணத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சென்டரில் படித்த காலத்தில் திரையில் மூன்று பெட்டிகளை ஒரே வரிசையில் நிறுத்த நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒன்று கீழே விழும், இன்னொன்று ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது ‘கிரிட்’ என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று வீடியோவில் பார்த்து, எழுதிப் பார்த்தேன். அறைகளின் படங்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள்போல வரிசையில் நின்றன. சாவி கேட்டு வந்து நின்ற வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்து நான் பாட்டுக்குச் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

சிக்கல் பௌர்ணமியில் வந்தது. கிரிவல நாட்களில் ஓனரம்மா ஒவ்வொருவரிடமும் ஃபோனில் பேசித்தான் அறை கொடுப்பார். வண்டியை எங்கே விடுவது, எத்தனை மணிக்குள் வந்து சேர்வது என்றெல்லாம் சொல்லியாக வேண்டும். ஆகவே வெப்சைட்டில் மற்ற இரவுகள் அறை காலி என்று பச்சையாகவும், பௌர்ணமி இரவுகள் ஃபோனில் கேட்கவும் என்று சிவப்பாகவும் தெரிய வேண்டும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் புரட்டி, பௌர்ணமி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் மாதாமாதம் தட்டிவைத்தேன். நடந்துகொண்டிருந்த மாதத்தை வைத்துச் சோதித்தேன். சரியாக இருந்தது.

தவணை நெருங்கியபோது ஓனரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படங்களைப் பார்த்து, “நம்ம ரூமா இது?” என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பிறகு அடுத்த மாதத்தைத் தள்ளிப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

“பௌர்ணமி சனிக்கிழமை ராத்திரி பதினொண்ணு இருவதுக்கு ஆரம்பம். சரி. ஞாயித்துக்கிழமை ராத்திரி எதுக்குப் பச்சையா இருக்குது? அன்னிக்குத்தான கூட்டமே ஜாஸ்தி?”

நான் குனிந்து பார்த்தேன். வெப்சைட்டின் கணக்கில், பௌர்ணமி தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துபோயிருந்தது.

“ஒன்றரை மணி நேரத்துல மலையச் சுத்தணும்னா ஓடத்தான் வேணும்,” என்றார் ஓனரம்மா. “சென்னைக்கு ஃபோன் போடட்டுமா?”

“சாப்ட்டு வாங்கம்மா. அப்புறமா போடுங்க.”

அவர் போனதும் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ‘இரவு 12.50 வரை’ என்று இருந்தது. நான் அப்படியே ஞாயிறு, பன்னிரண்டு ஐம்பது என்று தட்டியிருக்கிறேன். எங்களுக்கு விடிந்தால்தான் மறுநாள். ஞாயிறு ராத்திரி பன்னிரண்டு ஐம்பது என்றால் ஞாயிறு போய்ப் படுத்த பிறகு வருகிற நேரம். கம்ப்யூட்டருக்கோ நள்ளிரவிலேயே நாள் மாறிவிடுகிறது. அதனால் அது ஞாயிறு பிறந்த உடனே வருகிற பன்னிரண்டு ஐம்பதை எடுத்துக்கொண்டுவிட்டது. நான் சோதித்த மாதத்தில் பௌர்ணமி மாலையிலேயே முடிந்திருந்ததால் இது வெளியே வரவில்லை.

அந்த ஒரு தேதியை மட்டும் மாற்றிவிட்டால் வேலை முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. அடுத்த வருஷம் வேறு யாராவது இதே காலண்டரைப் பார்த்து இப்படியேதான் தட்டுவார்கள். நள்ளிரவுக்குப் பிறகு, விடிவதற்கு முன் வரும் நேரம் எதுவானாலும் அதை அடுத்த தேதியில் சேர்த்துக்கொள் என்று கோடில் எழுதினேன். எங்கள் ஊர் நாளைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பதுபோல இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன். சனி சிவப்பு, ஞாயிறு சிவப்பு, திங்கள் பச்சை.

வெற்றிலை மென்றபடி வந்த ஓனரம்மா வருஷம் முழுவதையும் ஒவ்வொரு மாதமாகக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

“சென்னைக்காரங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஃபோனை எடுக்கவில்லை.

ஞாயிறன்று ஊருக்குப் போய் அம்மாவிடம் ஃபோனில் காட்டினேன். அம்மா விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“உன் பேரு எங்கடி?”

“அதெல்லாம் போட மாட்டாங்கம்மா.”

“பின்ன, நீ செஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?”

மறுநாள் வேலைக்கு வந்ததும் கோடின் முதல் வரியில், பார்ப்பவர்களுக்குத் தெரியாத குறிப்பாக என் பெயரையும் அம்மாவின் பெயரையும் எழுதிவைத்தேன்.

இப்போதைக்கு வெப்சைட் காலி அறைகளைக் காட்டும், அவ்வளவுதான். வெளியூரில் இருப்பவர் அங்கேயே பதிவு செய்ய வேண்டுமென்றால் சர்வர் பக்கமும் எழுதத் தெரிய வேண்டும். ஓனரம்மாவிடம் பேசி என் வேலையைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, அதற்கான ஆன்லைன் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். நேற்று மாலை முதல் பாடம் நடந்தது. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். தேதி எந்த நேரத்தில் மாறுகிறது, அதை நாம் மாற்றிவைக்க முடியுமா என்று முதல் ஆளாகக் கேட்டேன்.