வெயில் விழாத சரிவு

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தே பாதி ஆயுளைக் கழித்ததால் தெருவில் அவளுக்குக் காலரக்கா என்றே பெயர். கணவர் லாரி டிரைவர். விபத்துக்குப் பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நடு அறைக் கட்டில்தான் உலகம். இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள்; ஜன்னல் வைக்க வழியில்லை. மேலே இருபுறமும் சரிந்த ஓட்டுக்கூரை. பகலெல்லாம் தூங்கிவிட்டு, ஊர் அடங்கிய பின் "விடிஞ்சிருச்சா?" என்பார். நாளடைவில் சாப்பாட்டையும் தள்ளிவைத்தார். இப்படியே விட்டால் ஆள் தேறமாட்டார் என்று காலரக்காவுக்குப் பயம் வந்தது. ஆனால் மூலையில் உட்கார்ந்து அழ அவளுக்கு வராது. ஓட்டுக்காரரைக் கையோடு கூட்டிவந்தாள்.

"நாலஞ்சு ஓட்டை எடுத்துட்டுக் கண்ணாடி ஓடு மாட்டுங்கண்ணே. வெயில் நல்லா அடிக்கிற பக்கமா."

"அந்தப் பக்கமா? யோசிச்சுச் சொல்லும்மா."

"வெளிச்சத்துக்குத்தானே வைக்கிறோம்? அதுல என்ன கஞ்சத்தனம்!"

மாட்டிய அன்று மதியமே வினை தெரிந்தது. வெயில் நேராக டிரைவரின் முகத்தில் வந்து இறங்கியது. கட்டிலை நகர்த்த இடமில்லை. துண்டால் மூடினால் பழைய இருட்டுதான். கடைசியில் குடையை விரித்துப் பிடித்தாள்.

"வீட்டுக்குள்ளயே குடை! பெரிய மனுஷன் ஆக்கிட்டியேம்மா."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் வாயில் வந்த கேலி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது.

கண்ணாடி ஓட்டை மறுபக்கம் மாற்றித் தரக் கூப்பிட்டால், ஓட்டுக்காரரோ வேறு வேலையில் மாட்டிக்கொண்டு, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலரக்கா துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தானே ஏணியில் ஏறினாள். பார்க்க வந்திருந்த நாத்தனார் பதறிப்போனாள்.

"ஒருத்தர் படுத்துக் கிடக்கிறது போதாதா அண்ணி? நீங்களும் விழணுமா?"

"விழுந்தா உங்க அண்ணன் பக்கத்துலயே போட்டுடு. இப்ப ஏணியப் பிடி."

ஓட்டை மிதித்தால் உடையும். ஆகவே இன்னொரு ஏணியைச் சரிவின்மேல் படுக்கப்போட்டு, முகட்டில் கயிற்றால் கட்டி, அதன்மேல் ஊர்ந்தாள். கண்ணாடி ஓடுகளைக் கழற்றி அங்கே பழைய ஓடுகளையே அடுக்கிவிட்டு, ஏணியை மாற்றிப்போட்டு, வெயில் நேராக விழாத மறுசரிவில் ஓடுகளை ஒவ்வொன்றாக உருவினாள். சந்து வழியே கட்டில் தெரிந்தது.

"ஏங்க, கண்ணு கூசுதா?"

"இல்ல. வானம் தெரியுது. இன்னும் ஒரு வரிசை கீழ வைம்மா, தலையத் திருப்பாமலே பார்த்துக்கறேன்."

லாரியைப் பின்னால் எடுக்க வழி சொல்வதுபோல, "வா... வா... போதும்!" என்று கீழிருந்து குரல் கொடுத்தார். இறங்கியபோது அவள் உள்ளங்கைகள் சிராய்த்திருந்தன. அறைக்குள் வெயில் இல்லை, வெளிச்சம் இருந்தது.

அதன்பின் அவர் இருந்த வருஷமெல்லாம் பகலில் விழித்தே கிடந்தார். முதல் வாரத்திலேயே ஒருநாள் சமையலறையில் இருந்தவளை அலறிக் கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

"மேகம் கருக்குது, கொடியில துணி கிடக்கு. எடுத்துட்டு வந்து சாப்பாடு போடு, பசிக்குது."

"அதுக்கு ஏங்க இப்படிக் கத்தறீங்க!" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே காலரக்கா கொடிக்கு ஓடினாள்.