மேதாவியின் பென்சில்

பழைய புத்தகக் கடையில் எடுத்த நாவலில் அந்துருண்டை நெடி அடித்ததும், வண்டியூரில் என்றோ இடித்துவிட்ட வாசகசாலை நினைவுக்கு வந்தது. அங்கே துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதி, 'சுத்த மோசம்' என்று தீர்ப்பும் சொல்லியிருப்பான் ஒரு மேதாவி. குடும்ப நாவலில் ஒரு கொலைகூட இல்லையென்று ஓரமெல்லாம் பொருமியிருப்பவனும் அவனேதான். நான் எடுத்துவரும் நாவல்களை அடுப்படியிலேயே படித்துமுடிக்கும் அம்மா எதுவும் எழுதமாட்டாள். காதலித்தவளைக் கடைசியில் கிணற்றில் விழவைத்த ஒரு நாவலைப் படித்துவிட்டு, "இவளச் சாகடிக்கத்தானா இம்புட்டு நேரம் படிக்க வச்சான்?" என்று முடிவுப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். பயந்துகொண்டேதான் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அதை எடுத்துப் புரட்டினால், மிஞ்சியிருந்த கடைசிப் பக்கத்தின் அடியில் அதே பென்சில் எழுதியிருந்தது: 'முடிவு பிரமாதம்.'